களியும் கீரையும் போதுமா, ஃபோலிக் அமில மாத்திரையும் வேண்டுமா?

காரிமங்கலத்திலிருந்து எழுதியிருக்கும் சகோதரியே, உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். திருமணமாகி ஆறு மாதம் ஆகிறது, குழந்தைக்குத் திட்டமிடுகிறீர்கள். மருத்துவர் தினமும் ஒரு 5 மில்லிகிராம் ஃபோலிக் அமில மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். நீங்கள் பார்த்த ஒரு காணொளியில், அது தொழிற்சாலையில் செய்த செயற்கைப் பொருள், பலருடைய உடம்பு அதை ஏற்காது, மெத்தில்ஃபோலேட் என்ற விலை கூடிய மாத்திரைதான் உண்மையான வைட்டமின் பி9 என்று சொல்லியிருக்கிறார்கள். உங்கள் மாமியாரோ, ராகிக் களியும் கீரைக் கடைசலும் சாப்பிட்டே நாலு பிள்ளை பெற்றோம், மாத்திரையே தேவையில்லை என்கிறார். மூவரில் யார் சொல்வது சரி என்று கேட்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் பின்னிக்கிடக்கின்றன. எந்த வடிவத்தில் இந்த வைட்டமினை எடுப்பது என்பது ஒன்று. எப்போது எடுப்பது என்பது மற்றொன்று. காணொளிக்காரர்கள் முதல் கேள்வியிலேயே நின்றுவிடுகிறார்கள். என் கணக்கில் இரண்டாவதுதான் பெரியது.

நான் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன். மருத்துவர் அல்ல. மாத்திரை என்ன செய்யும், எதனுடன் சேராது, மக்கள் அதை எப்படிச் சாப்பிடுகிறார்கள், எப்படிச் சாப்பிடாமல் விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். உங்கள் ரத்தப் பரிசோதனைத் தாளை நான் பார்க்கவில்லை. ஆகவே உங்களுக்கு எத்தனை மில்லிகிராம் என்று முடிவு சொல்வது என் வேலையல்ல.

ஃபோலேட் என்பது பி தொகுதி வைட்டமின்களில் ஒன்று, பி9 என்பதும் அதுவே. மாத்திரையில் வரும் அதன் வடிவம்தான் ஃபோலிக் அமிலம். ஓர் உயிரணு இரண்டாகப் பிரிய வேண்டுமானால் அதன் மரபுப் பொருளான டி.என்.ஏ. முழுவதும் ஒருமுறை படியெடுக்கப்பட வேண்டும். அந்த வேலைக்கான மூலப்பொருள்களைத் தயாரிக்க ஃபோலேட் வேண்டும். அதனால்தான் வேகமாகப் பிரியும் உயிரணுக்கள் இருக்கும் இடத்தில் இதன் பற்றாக்குறை முதலில் தெரிகிறது: எலும்பு மஜ்ஜையில், குடலின் உட்சுவரில், கருவில். ரத்தசோகை என்றதும் நாம் எல்லோரும் இரும்பையே நினைக்கிறோம். இரும்பு குறைந்தால் சிவப்பணுக்கள் சிறுத்து வெளிறிப்போகும். ஃபோலேட் குறைந்தால் அவை பிரிய முடியாமல் பெருத்து, முதிராமலே நின்றுவிடும். ஆளுக்குத் தெரியும் அறிகுறி இரண்டிலும் ஒன்றுதான்: களைப்பு, மூச்சு வாங்குதல், முகவெளுப்பு. ரத்த அறிக்கையில் எம்.சி.வி. என்றொரு எண் இருக்கும். சிவப்பணுவின் சராசரி அளவு அது. 80க்கும் 100க்கும் இடையில் இருப்பது இயல்பு. ஹீமோகுளோபினை மட்டும் பார்த்துவிட்டு அறிக்கையை மடித்து வைப்பவர்கள் இந்த எண்ணையும் ஒருமுறை பார்க்க வேண்டும். ஆனால் இரும்பும் ஃபோலேட்டும் சேர்ந்து குறைந்திருந்தால், ஒன்று சிறுக்க வைக்க மற்றது பெருக்க வைக்க, சராசரி இயல்பாகவே தெரியும். நம் பக்கத்துப் பெண்களிடம் இந்தக் கலப்பு அபூர்வமல்ல.

இந்த வைட்டமினின் கதை நம் நாட்டில்தான் தொடங்கியது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1920களின் கடைசியில் பம்பாய்க்கு வந்தார். அங்கே ஆலைத் தொழிலாளர் குடும்பங்களின் கர்ப்பிணிகளிடம் ஒரு கடுமையான ரத்தசோகை இருந்தது. சிவப்பணுக்கள் பெருத்த வகை அது. அவர் ஆய்வைக் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும், பிறகு சென்னையில் அன்று கோஷா மருத்துவமனை என்று அறியப்பட்ட, இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையிலும் தொடர்ந்தார். ஈஸ்ட்டிலிருந்து செய்யும், ரொட்டியில் தடவிச் சாப்பிடும் மார்மைட் என்ற கறுப்புக் குழம்பைக் கொடுத்தபோது அந்தப் பெண்கள் தேறினார்கள். 1931இல் அதை எழுதி வெளியிட்டார். மார்மைட்டில் எது வேலை செய்தது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. 1941இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் நான்கு டன் பசலைக்கீரையைப் பிழிந்து அந்தப் பொருளைத் துளியளவு பிரித்தெடுத்தார்கள். 1945இல் லெடர்லே என்ற அமெரிக்க மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்தில் அதைச் செயற்கையாகவே தயாரித்த குழுவை நடத்தியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஆந்திரர். ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்குத் தன் சகோதரர்களைப் பறிகொடுத்தவர். வெப்பமண்டல நாடுகளில் வரும் அந்த நோய்க்கே ஃபோலிக் அமிலம் மருந்தாக ஆனது. செயற்கை என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிப்பவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். நான்கு டன் கீரையைப் பிழிந்தால் துளியளவு கிடைத்ததை, ஏழைக் கர்ப்பிணிக்கும் எட்டும் விலைக்குக் கொண்டுவந்தது அந்தச் செயற்கைதான்.

இனி வடிவங்களுக்கு வருவோம். கீரையிலும் பயறிலும் இருக்கும் ஃபோலேட் மூலக்கூற்றின் பின்னால் குளூட்டமேட் துண்டுகள் வால்போலத் தொடர்ச்சியாக ஒட்டியிருக்கும். சிறுகுடலின் சுவரில் உள்ள ஒரு நொதி அந்த வாலை வெட்டி, ஒரே ஒரு துண்டை மட்டும் விட்டுவைத்த பிறகே அது உள்ளே போக முடியும். இந்த வேலை முழுமையாக நடப்பதில்லை. உணவின் நார்ப்பொருளுக்குள் சிக்கியிருப்பது வெளிவருவதும் முழுமையாக நடப்பதில்லை. மேலும் உணவு ஃபோலேட் வெப்பத்துக்கும் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் சீக்கிரம் சிதைந்துவிடும். மாத்திரையில் இருக்கும் ஃபோலிக் அமிலத்துக்கு வால் இல்லை, ஒரே துண்டுதான். கெட்டியான மூலக்கூறு, எளிதில் கெடாது, குடலில் ஏறக்குறைய முழுவதும் உறிஞ்சப்படும். ஆனால் அப்படியே உடம்பில் வேலை செய்யாது. கல்லீரலில் உள்ள நொதிகள் அதைப் படிப்படியாக மாற்றி மெத்தில்ஃபோலேட் ஆக்க வேண்டும். ரத்தத்தில் ஓடுவது பெரும்பாலும் அந்த மெத்தில்ஃபோலேட்தான். கடையில் தனி மாத்திரையாக விற்பதும் அதுவே. கீரையில் இருப்பதிலும் ஒரு பகுதி அதுதான். ஆகக் காணொளிக்காரர் வேதியியலில் பொய் சொல்லவில்லை. அதிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் வழுக்குகிறது.

உறிஞ்சப்படுவதில் இருக்கும் இந்த வேறுபாட்டால் ஊட்டச்சத்து அறிஞர்கள் ஒரு சமன் அளவு வைத்திருக்கிறார்கள். உணவில் உள்ள 1 மைக்ரோகிராம் ஃபோலேட்டுக்கு, சாப்பாட்டோடு எடுக்கும் ஃபோலிக் அமிலம் 0.6 மைக்ரோகிராம் சமம். வெறும் வயிற்றில் என்றால் 0.5 போதும். திருப்பிச் சொன்னால், 400 மைக்ரோகிராம் மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்குவது 800 மைக்ரோகிராம் அளவுக்குக் கீரை, பயறு சாப்பிடுவதற்குச் சமம். சத்து அட்டவணையில் கீரையின் எண்ணையும் மாத்திரை அட்டையின் எண்ணையும் நேருக்கு நேர் ஒப்பிடுகிறவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். மைக்ரோகிராமுக்கும் மில்லிகிராமுக்கும் இடையில் ஆயிரம் மடங்கு வித்தியாசம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். உங்கள் 5 மில்லிகிராம் என்பது 5,000 மைக்ரோகிராம்.

உங்கள் மாமியாரின் வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. களி, கீரைக் கடைசல், கொள்ளு, அவரை, மொச்சை, தட்டைப்பயறு என்று நம் பக்கத்துச் சாப்பாடு இந்த வைட்டமினுக்கு மோசமான சாப்பாடே அல்ல. இந்திய உணவு அட்டவணையின்படி 100 கிராம் ராகியில் சுமார் 35 மைக்ரோகிராம் ஃபோலேட் இருக்கிறது. தீட்டிய அரிசியில் 10கூட இல்லை. அரிசியோடு ஒப்பிட்டால் களி மூன்று மடங்குக்கு மேல். ஆனால் ராகியைவிடப் பல மடங்கு இருப்பது பயறு வகைகளில். கொள்ளில் 160 அளவுக்கும், துவரம்பருப்பில் 100ஐ ஒட்டியும், கொண்டைக்கடலையிலும் தட்டைப்பயறிலும் 200க்கு மேலும் இருக்கிறது. எல்லாம் வேகாத 100 கிராமுக்கான கணக்கு. கீரைகளில் பசலைக்கீரைக்கு இந்திய அட்டவணை 142 என்கிறது, அமெரிக்க அட்டவணை 194 என்கிறது. அளக்கும் முறை கடினமானது, மண்ணும் ரகமும் பறித்த நேரமும் மாறும். அதனால் இந்த எண்களைத் தோராயமாகவே கொள்ள வேண்டும். பலர் எதிர்பார்க்காதது முருங்கைக்கீரை. எல்லாச் சத்துக்கும் முருங்கை என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். ஃபோலேட்டில் மட்டும் அது 40ஐ ஒட்டித்தான் நிற்கிறது, இரண்டு அட்டவணைகளிலும். வேறு பல சத்துகள் அதில் நிறைய உண்டு, அதனால் முருங்கையை விட்டுவிட வேண்டாம். ஃபோலேட்டுக்கென்று கேட்டால் நான் கொள்ளையும் தட்டைப்பயறையும்தான் முதலில் சொல்வேன்.

ஒரு நாளைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். காலையிலும் இரவிலுமாக 150 கிராம் ராகி மாவில் களி: ஐம்பது சொச்சம். 50 கிராம் துவரம்பருப்பு: ஐம்பது. நல்ல பெரிய கைப்பிடிகளாக 100 கிராம் தண்டுக்கீரை: எழுபது எண்பது. 40 கிராம் கொள்ளு: அறுபது சொச்சம். கூட்டினால் 240 அளவுக்கு வருகிறது. சமையலில் மூன்றில் ஒரு பங்கு போனதாக வைத்துக்கொண்டால் 160 மிஞ்சும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வகுத்த அளவு, கர்ப்பமில்லாத பெண்ணுக்கு நாளொன்றுக்கு 220 மைக்ரோகிராம், கர்ப்பிணிக்கு 570. ஒரு முட்டை, ஒரு கொய்யா, கைப்பிடி நிலக்கடலை சேர்த்தால் முதல் எண்ணை எட்டிப்பிடித்துவிடலாம். இரண்டாவது எண்ணை இந்தச் சாப்பாட்டால் எட்ட முடியாது. அதுவும் நான் போட்டது நல்ல நாளின் கணக்கு. ராகியை விட்டுவிட்டு மூன்று வேளையும் சோறும் ரசமும், கீரை வாரத்துக்கு ஒரு நாள் என்று ஆகிவிட்ட வீடுகள்தான் இப்போது அதிகம். வேலைக்கு ஓசூருக்கும் பெங்களூருக்கும் போய் வாடகை அறையில் தங்கும் இளம் தம்பதியர் கொள்ளு வேகவைத்து உண்கிறார்களா என்று கேட்டால் சிரிப்பார்கள். உங்கள் மாமியார் சாப்பிட்ட சாப்பாட்டைத்தான் நீங்களும் சாப்பிடுகிறீர்களா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

சமைக்கும் முறையில் நாம் தெரியாமலே ஒரு நல்ல காரியம் செய்துவருகிறோம். ஃபோலேட் தண்ணீரில் கரைவது. பசலைக்கீரையைக் கொதிக்கும் நீரில் வேகவைத்து வடித்தால் ஏறக்குறைய பாதி அந்த நீரோடு போய்விடுகிறது என்று அளந்து காட்டியிருக்கிறார்கள். ஆவியில் வேகவைத்தபோது இழப்பு மிகக் குறைவு. நம் கீரைக் கடைசலில் வடிப்பதில்லை. வெந்த தண்ணீரோடு சேர்த்துக் கடைகிறோம். கொள்ளை வேகவைத்த தண்ணீர் ரசமாகிறது, கொள்ளு கடைசலாகிறது. களி கிண்டும்போதும் எதையும் வடிப்பதில்லை. நறுக்கிய பிறகு கழுவாமல், கழுவிய பிறகு நறுக்கினால் இன்னும் நல்லது. முளைகட்டிய பயறில் ஃபோலேட் கூடுகிறது, புளித்த மாவிலும் கூடுகிறது. கெடுப்பது எது என்றால், காலையில் வைத்ததை மதியம் சூடு பண்ணி, இரவில் மறுபடியும் சூடு பண்ணுவது. விக்டர் ஹெர்பர்ட் என்ற அமெரிக்க மருத்துவர் 1961இல் தன் உடம்பிலேயே ஃபோலேட் பற்றாக்குறையை வரவழைத்துக் காட்ட விரும்பினார். அதற்கு அவர் செய்த முக்கியமான காரியம், உணவை மூன்று முறை கொதிக்க வைத்து ஒவ்வொரு முறையும் தண்ணீரைக் கொட்டியது. மூன்று வாரத்தில் ரத்தத்தில் ஃபோலேட் அளவு இறங்கியது. நாலரை மாதத்தில் சிவப்பணுக்கள் பெருத்த ரத்தசோகை வந்துவிட்டது. இந்த வைட்டமினின் இருப்பு உடம்பில் சில மாதங்களுக்குத்தான் என்பது இப்படித்தான் தெரிந்தது.

ரேஷன் அரிசியில் கலக்கப்பட்ட செறிவூட்டிய மணிகள் பிளாஸ்டிக்கா என்றும் கேட்டிருந்தீர்கள். அது பிளாஸ்டிக் அல்ல. அரிசி மாவில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 கலந்து அரிசி வடிவில் அழுத்தி எடுத்த மணி. நூறு மணிக்கு ஒன்று என்ற கணக்கில் கலப்பார்கள். தண்ணீரில் மிதக்கிறது, நிறம் மாறி இருக்கிறது என்று பொறுக்கி எறிகிறார்கள். விதிப்படி ஒரு கிலோ அரிசியில் ஃபோலிக் அமிலம் 75 முதல் 125 மைக்ரோகிராம் வரை இருக்க வேண்டும். ஒருவர் நாளுக்கு 200 கிராம் அரிசி சாப்பிட்டால் கிடைப்பது சுமார் 20 மைக்ரோகிராம். பயப்படும் அளவும் அல்ல, நம்பியிருக்கும் அளவும் அல்ல. 2023இல் தருமபுரி, நீலகிரி மாவட்டங்களின் ரேஷன் கடைகளில் அரிசியில் ஒரு பகுதிக்குப் பதிலாக மாதம் 2 கிலோ ராகி கொடுக்கத் தொடங்கியபோது எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அதன் பெரிய பயன் சுண்ணாம்புச் சத்திலும் நார்ச்சத்திலும் இருக்கிறது. ஃபோலேட் கணக்கில் 2 கிலோ ராகி ஒரு குடும்பத்துக்கு அதிகம் சேர்த்துவிடாது.

இப்போது நான் முன்பே பெரியது என்று சொன்ன கேள்வி: எப்போது? கருவின் மூளையும் தண்டுவடமும் முதலில் ஒரு தட்டையான படலமாகத் தோன்றி, ஓரங்கள் மடிந்து ஒரு குழாயாக மூடிக்கொள்கின்றன. கருத்தரித்த 28 நாளுக்குள் இது முடிந்துவிடும். அதாவது மாதவிலக்கு தள்ளிப்போய் இரண்டு வாரம் ஆவதற்குள். அந்தக் குழாய் கீழே மூடாமல் போனால் முதுகெலும்பு திறந்த குழந்தை, மேலே மூடாமல் போனால் மண்டையோடும் மூளையும் உருவாகாத குழந்தை. பின்னது பிழைக்காது. இனி நம் ஊர் நடைமுறையைப் பாருங்கள். மாதவிலக்கு தள்ளிப்போகிறது, சில நாள் பார்க்கிறார்கள், வீட்டில் சொல்கிறார்கள், கிராம சுகாதார செவிலியரிடம் போகிறார்கள், பதிவு நடந்து, பிக்மி எண் என்ற அரசின் கர்ப்பப் பதிவு எண் வருகிறது, மாத்திரை கொடுக்கப்படுகிறது. அன்று இரண்டாம் மாதமோ மூன்றாம் மாதமோ. அந்தக் குழாய் மூடவேண்டிய நாள் அதற்குள் கடந்துவிட்டது. நான் இருந்த சுகாதார நிலையங்களில் இதுதான் வழக்கம், யாருடைய தவறும் அல்ல, திட்டத்தின் வரிசையே அப்படி. அதனால்தான் குழந்தைக்குத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் போன உங்களைப் பாராட்டுகிறேன். உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் அதுதான்: கருத்தரிக்க முயலும்போதே தொடங்கி 12 வாரம் வரை, தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். வாரம் ஒருமுறை கொடுக்கும் இரும்பு மாத்திரையில் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் இருப்பது உண்மைதான். ரத்தசோகைக்கு அது நல்லது. தினசரி 400க்கு அது மாற்று ஆகாது.

இதற்கு ஆதாரம் என்ன என்று கேட்டால், உறுதியான ஆதாரம் இருக்கிறது. ஏற்கெனவே இத்தகைய குறையுள்ள குழந்தை பெற்ற பெண்களிடம் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல நாடுகளில் நடத்திய சோதனையின் முடிவு 1991இல் வந்தது. தினம் 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்தவர்களிடம் மறுபடி அதே குறை வருவது 72 சதவீதம் குறைந்தது. அடுத்த ஆண்டு ஹங்கேரியில், அத்தகைய குழந்தை முன்பு பெறாத பெண்களிடமும் பலன் உண்டு என்று காட்டினார்கள். அங்கே கொடுத்தது 0.8 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் சேர்ந்த பல்சத்து மாத்திரை. சீனாவில் சுமார் இரண்டரை லட்சம் பெண்களைக் கவனித்த ஆய்வு 1999இல் வெளிவந்தது. அங்கே கொடுத்தது 400 மைக்ரோகிராம்தான். இந்தக் குறை மிக அதிகமாக இருந்த வட சீனாவில் 79 சதவீதம் குறைந்தது, குறைவாக இருந்த தென் சீனாவில் 41 சதவீதம். கவனியுங்கள், எல்லா இடத்திலும் பயன்படுத்தியது ஃபோலிக் அமிலம். மெத்தில்ஃபோலேட்டை வைத்து இந்தக் குறையைத் தடுத்துக் காட்டிய சோதனை இதுவரை இல்லை. மெத்தில்ஃபோலேட் ரத்தத்தில் ஃபோலேட் அளவை நன்றாகவே உயர்த்துகிறது, அதனால் தடுக்கவும் செய்யும் என்று ஊகிக்க நியாயம் உண்டு. ஊகத்துக்கும் காட்டப்பட்ட பலனுக்கும் இடையே தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால், என் மகளுக்கு நான் எதைக் கொடுப்பேன் என்பதில் எனக்குக் குழப்பமில்லை. அதுவும் ஒரு மாத்திரை ஓரிரு ரூபாய்க்குக் கிடைக்கும்போது.

காணொளியில் சொன்ன எம்.டி.எச்.எப்.ஆர். என்ற மரபணுவைப் பற்றி. ஃபோலேட்டை மெத்தில்ஃபோலேட்டாக மாற்றும் கடைசிப் படியைச் செய்யும் நொதி அது. சிலருக்கு அந்த மரபணுவில் 677ஆம் இடத்தில் ஒரு மாறுபாடு இருக்கும். பெற்றோர் இருவரிடமிருந்தும் அது வந்திருந்தால் நொதியின் வேகம் குறையும். இதை வைத்துத்தான், உங்கள் உடம்பால் ஃபோலிக் அமிலத்தைப் பயன்படுத்தவே முடியாது என்று பயமுறுத்துகிறார்கள். அளந்து பார்த்தால், ஒரே அளவு ஃபோலிக் அமிலம் எடுக்கும்போது அத்தகையவர்களின் ரத்த ஃபோலேட் மற்றவர்களைவிட 16 சதவீதம் அளவுக்கே குறைவு. வட சீனர்களிடம் இந்த மாறுபாடு மிக அதிகம். அங்கேதான் சாதாரண ஃபோலிக் அமிலம் மிகப் பெரிய பலன் தந்தது. இந்தியர்களிடம் இரட்டை மாறுபாடு அவர்களைவிட வெகு குறைவு. இந்த மரபணுவைப் பரிசோதிக்கச் சில ஆயிரம் ரூபாய் செலவழிக்கச் சொன்னால், அந்தப் பணத்துக்கு ஒரு வருடம் கொண்டைக்கடலையும் முட்டையும் வாங்குங்கள்.

சந்தேகத்துக்கு இடமுள்ள விஷயங்களும் உண்டு. ஒரே நேரத்தில் சில நூறு மைக்ரோகிராமுக்கு மேல் ஃபோலிக் அமிலம் எடுத்தால், கல்லீரலால் மாற்ற முடியாத மீதி அப்படியே ரத்தத்தில் காணப்படுகிறது. மனிதக் கல்லீரலின் அந்த நொதி மெதுவானது என்பதும் தெரிந்ததே. அந்த மீதியால் கேடு விளையும் என்று நிரூபிக்கப்படவில்லை. கேடே இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடவும் யாரும் தயாரில்லை. ஆண்டுக்கணக்கில் அதிக அளவு எடுத்தால் புற்றுநோய் கூடுமா என்ற கேள்வியும் எழுந்தது. குடல் கட்டி வந்தவர்களிடம் தினம் 1 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்து 2007இல் வெளியான ஒரு சோதனை சற்றுக் கவலை தந்தது. 2013இல் ஏறக்குறைய 50,000 பேரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது குறிப்பிடத்தக்க அதிகரிப்பு தெரியவில்லை. என் கருத்து இது: கருத்தரிக்கும் காலத்துச் சில மாதங்களுக்கு இந்தக் கவலைகளைப் பெரிதாக்க வேண்டியதில்லை. காரணமில்லாமல் பல ஆண்டு 5 மில்லிகிராம் விழுங்கிக்கொண்டிருப்பதும் தேவையில்லை.

இங்கே உங்கள் 5 மில்லிகிராமைப் பற்றி ஒரு வார்த்தை. முன்பு தண்டுவடக் குழாய் மூடாத குழந்தை பெற்றவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள், வலிப்பு மாத்திரை எடுப்பவர்கள், உடல் எடை மிக அதிகமானவர்கள் ஆகியோருக்கு 4, 5 மில்லிகிராம் கொடுப்பது நியாயமானது. இவை எதுவும் இல்லாதவருக்கு 400 மைக்ரோகிராமே போதும். நம் மருந்துக் கடைகளில் பரவலாகவும் மலிவாகவும் கிடைப்பது 5 மில்லிகிராம். அதனால் எல்லோருக்கும் அதையே எழுதும் வழக்கம் வந்துவிட்டது. உங்கள் மருத்துவர் காரணத்தோடு எழுதினாரா, கிடைப்பதை எழுதினாரா என்பதை அவரிடமே கேட்கலாம். கேட்பதில் தவறில்லை. நீங்களாக நிறுத்திவிடுவதில்தான் தவறு.

நான் உண்மையில் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. அது பி12. ஃபோலேட்டும் பி12உம் ஒரே வேலையில் கூட்டாளிகள். பி12 குறைந்தாலும் அதே பெருத்த சிவப்பணு ரத்தசோகை வரும், கூடவே நரம்பும் கெடும்: கால் மரத்துப்போதல், எரிச்சல், நடையில் தடுமாற்றம், மறதி. பி12 குறைந்த ஒருவருக்கு அதிக அளவு ஃபோலிக் அமிலம் கொடுத்தால் ரத்தம் சரியாகிவிட்டதுபோல் தெரியும், நரம்பு கெடுவது மட்டும் சத்தமில்லாமல் தொடரும். ஃபோலிக் அமிலத்துக்கு நாளுக்கு 1 மில்லிகிராம் என்று மேல்வரம்பு வைத்ததற்குக் காரணமே இதுதான். பி12 கீரையிலும் இல்லை, ராகியிலும் இல்லை, எந்தப் பயறிலும் இல்லை. பால், முட்டை, மீன், இறைச்சியில் மட்டுமே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு வேளை கோழிக்குழம்பு, அதிலும் வீட்டுப் பெண்ணுக்குக் கடைசியில் மிஞ்சியது என்று இருக்கும் குடும்பத்தில் இருப்பு குறைவாகவே இருக்கும். மெத்தில்ஃபோலேட் வாங்கினால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும் என்றும் சிலர் சொல்கிறார்கள். தீராது. மெத்தில்ஃபோலேட்டின் மெத்தில் பகுதியை இறக்கிவைக்கவே பி12 வேண்டும். அது இல்லாவிட்டால் ஃபோலேட் அந்த வடிவத்திலேயே மாட்டிக்கொண்டு பயனில்லாமல் கிடக்கும். நீங்கள் சைவமா என்று எழுதவில்லை. சைவமாக இருந்தாலும், எப்போதாவது மட்டும் அசைவம் என்றாலும், மாத்திரை தொடங்கும்போதே பி12 அளவைப் பார்த்துவிடுவது நல்லது.

சிலர் இந்தப் பதிலை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. வலிப்புக்கு ஃபெனிடாயின், வால்புரோயேட் எடுப்பவர்களுக்கு ஃபோலேட் கணக்கே வேறு. வால்புரோயேட் தனியாகவே கருவின் தண்டுவடத்தைப் பாதிக்கும். கருத்தரிக்கத் திட்டமிடும் முன்பே நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும், மாத்திரையைத் தாமாக நிறுத்தவும் கூடாது. மூட்டுவாதத்துக்கோ சொரியாசிஸுக்கோ வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்கள் அந்த மருந்தோடு கருத்தரிக்கவே கூடாது. கருத்தரிப்பதற்குப் பல மாதம் முன்பே அதை நிறுத்துவது பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும். அந்த மருந்து வேலை செய்வதே ஃபோலேட்டைத் தடுத்துத்தான். அதன் முன்னோடியான மருந்தையும் அதே சுப்பாராவின் குழுதான் தயாரித்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயை முதன்முதலில் தற்காலிகமாக அடக்கியது அதுதான்.

உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது: களியையும் கடைசலையும் விட வேண்டாம், வாரத்தில் நான்கு நாளாவது கொள்ளோ தட்டைப்பயறோ கொண்டைக்கடலையோ சேருங்கள். ஆட்டு ஈரலில் ஃபோலேட் மிக அதிகம் என்று யாராவது சொன்னால் அது சரிதான். ஆனால் அதில் வைட்டமின் ஏ-யும் மிக அதிகம் என்பதால் கருத்தரிக்கும் காலத்திலும் கர்ப்பத்திலும் ஈரலைத் தவிர்ப்பது நல்லது. ஃபோலிக் அமில மாத்திரையைக் காலையோ இரவோ உங்களுக்கு மறக்காத வேளையில் எடுங்கள். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டாக எடுக்க வேண்டாம். மூன்றாம் மாதம் முடிந்ததும் அரசு சுகாதார நிலையத்தில் தரும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்போடு 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் சேர்ந்தே இருக்கிறது. அப்போது தனி ஃபோலிக் அமிலம் தொடர வேண்டுமா என்று செவிலியரிடமோ மருத்துவரிடமோ கேளுங்கள். அந்தச் சிவப்பு மாத்திரையை டீயோடும் காபியோடும் எடுக்காதீர்கள், ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கால்சியம் மாத்திரையை வேறு வேளைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மலம் கறுத்துப் போனால் பயந்து நிறுத்த வேண்டாம், இரும்புக்கு அது இயல்பு.